கடவுச்சீட்டும் கசகசாவும்

கசகசா கடத்தல் பொருளா? குருமாவுக்கு அரைத்து ஊற்றுகிற கசகசா, பாயசத்துக்குச் சேர்க்கிற கசகசா, மளிகைக் கடையில் மஞ்சளுக்கும் மிளகுக்கும் பக்கத்தில் பொட்டலமாகத் தொங்குகிற கசகசா - அதைப் பெட்டியில் வைத்தவனுக்குக் கைவிலங்கா? நம்புவதற்கு நமக்கே கடினமாகத்தான் இருக்கிறது. ஆனால், துபாய் விமான நிலையத்துச் சுங்க அதிகாரிக்கு அதில் ஐயம் இல்லை. சவூதியின் அதிகாரிக்கும் இல்லை. சிங்கப்பூர் அதிகாரிக்கும் இல்லை. அபினிச் செடியின் விதைதானே கசகசா? அந்த விதையின் மேல் அபினியின் எச்சம் ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே அந்நாடுகளில் அது போதைப் பொருள் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. இங்கே உரிமம் பெற்று மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானத்திலும் பயிரிடுகிறார்கள். கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள். கல்யாணச் சமையலில் கிலோக் கணக்கில் அரைக்கிறார்கள். கடலைத் தாண்டினால் அதே கசகசா குற்றப் பத்திரிகையில் ஏறுகிறது!

தாய் கட்டிக் கொடுக்கிறாள். மகன் குவைத்துக்குப் போகிறான், துபாய்க்குப் போகிறான், அங்கே சோறு எப்படி இருக்குமோ என்ற கவலை அவளுக்கு. குழம்புத் தூள் ஒரு டப்பா, ஊறுகாய் ஒரு டப்பா, மசாலாச் சாமான் ஒரு பொட்டலம். அப்படியே அலமாரியைத் திறந்து, முதுகு வலிக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையில் மீதி இருந்த அட்டையையும், இருமலுக்கு வாங்கிய பாட்டிலையும் எடுத்து வைக்கிறாள். அந்த மாத்திரை ‘டிரமடால்’ ஆக இருக்கலாம். அந்த மருந்தில் ‘கோடீன்’ கலந்திருக்கலாம். ஐக்கிய அரபு நாடுகளில் இரண்டும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். டாக்டரின் சீட்டு கையில் இருக்க வேண்டும். இது அந்தத் தாய்க்குத் தெரியுமா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற மகனுக்குத் தெரியுமா? அவனிடம் பணம் வாங்கிக்கொண்டு விசா அடித்துக் கொடுத்த புரோக்கருக்குத் தெரியும், அவன் சொல்லவில்லை. சர்க்காருக்குத் தெரியும், சர்க்காரும் சொல்லவில்லை. சொன்னேன் என்கிறது சர்க்கார். எங்கே சொன்னாய்? எந்த மொழியில் சொன்னாய்? எந்த ஊர்ச் சாவடியில் சொன்னாய்? என்று கேட்டால் விடை இல்லை!

சொல்லப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் பனி பார்க்கப் போகிற சீமானுக்குச் சொல்லப்படுகிறது. என்ன கம்பளி வேண்டும், எவ்வளவு பணம் எடுத்துப் போகலாம், எந்தத் தடுப்பூசி போட வேண்டும், ஓட்டல் அறையின் பூட்டை எப்படிச் சோதிக்க வேண்டும், இன்ஷ்யூரன்ஸ் எந்தக் கம்பெனியில் எடுத்தால் நல்லது என்று வழவழப்பான தாளில் வண்ணப் படத்தோடு அச்சிட்டுக் கையில் கொடுக்கிறார்கள். பத்து நாள் போய்ப் பத்திரமாகத் திரும்புகிறவருக்குப் பக்கம் பக்கமாக அறிவுரை! இரண்டு வருடம், மூன்று வருடம், வெயிலில் வெந்து, ஒரே அறையில் பலரோடு படுத்து, பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வாழப் போகிறவனுக்கு வாய்ச்சொல்கூட இல்லை. ‘சர்வதேசப் பயணி’ என்று சொன்னால் நமது மனக்கண் முன் தோன்றுவது யார்? தோளில் காமிரா, தலையில் தொப்பி, கையில் வரைபடம். இராமநாதபுரத்தானும் புதுக்கோட்டையானும் தஞ்சைக் கிராமத்தானும் தோன்றுகிறார்களா? ஆனால் மீனம்பாக்கத்தில் ஓர் இரவு நின்று பாருங்கள். வளைகுடா விமானத்துக்கு நிற்கிற வரிசை எத்தனை நீளம் என்று பாருங்கள். பார்க்கப் போகிறவன் ஒருவன், பிழைக்கப் போகிறவன் பலர் என்பது விளங்கும்.

அந்த வரிசையில் நிற்கிறவனுடைய பாஸ்போர்ட்டைத் திறந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வேடிக்கை என்று சொல்வது வேதனையை மறைக்கத்தான். பத்தாவது வகுப்பு தேறியவனுக்கு ஒரு விதமான பாஸ்போர்ட். தேறாதவனுக்கு ஒரு விதம். தேறாதவனுடையதில் ‘குடிபெயர்வு அனுமதி தேவை’ என்று அச்சிட்டிருக்கும். வளைகுடா நாடுகள் ஆறும், மலேசியாவும் சேர்ந்த 18 நாடுகளுக்கு அவன் வேலைக்குப் போக வேண்டுமானால், ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்ற அதிகாரி அனுமதி தர வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் வகுத்த ஏற்பாடு இது. வருமான வரி கட்டுகிறவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. ஐம்பது வயது தாண்டியவருக்குத் தேவையில்லை. படிப்பில்லாதவன், பணமில்லாதவன், வாலிபன் - அவனுக்குத்தான் தேவை!

நோக்கம் கெட்டதா? இல்லை. ஏமாறக் கூடியவனை ஏமாறாமல் காப்பாற்றுவதற்கு என்று சொன்னார்கள், நல்ல நோக்கந்தான். ஆனால் காப்பாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்களுடைய மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை 2018-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் நாடே பார்த்தது. அந்த மாதம் டில்லி ஓர் அறிவிப்பை வெளியிட்டது: இப்படி அனுமதி தேவைப்படுகிறவர்களுடைய பாஸ்போர்ட்டுக்கு இனி நீல அட்டை கிடையாது, ஆரஞ்சு நிற அட்டை! தூரத்திலிருந்து பார்த்தாலே தெரிய வேண்டும், இவன் படிக்காதவன் என்று. விமான நிலையத்தில் தெரிய வேண்டும், அந்நிய நாட்டு அதிகாரிக்குத் தெரிய வேண்டும், அருகில் அமர்ந்து பயணம் செய்கிறவருக்கும் தெரிய வேண்டும். நெற்றியில் பச்சை குத்துவது ஒன்றுதான் பாக்கி! கேரளத்திலும் தமிழகத்திலும் கண்டனம் எழுந்தது. மாத முடிவுக்குள் அறிவிப்பைக் கைவிட்டார்கள். கைவிட்டார்கள், மெத்த மகிழ்ச்சி. ஆனால் அப்படி ஓர் எண்ணம் எப்படி உதித்தது? உதித்ததல்ல தோழர்களே, அது மரபு! பழைய மரபு!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் சேர்த்துக்கொண்டு போனபோது, அந்த ஆட்களிடம் ஒரு தகர வில்லையைக் கொடுத்தார்கள். எந்தத் தோட்டத்துக்குப் போகிற ஆள் என்பதைக் காட்டும் எண் அதில் பொறித்திருக்கும். பெயர் கேட்க வேண்டியதில்லை. ஊர் கேட்க வேண்டியதில்லை. தகரத்தைப் பார்த்தால் போதும். மூட்டைக்கு முத்திரை போடுவது போல மனிதனுக்குத் தகரம்! தகரம் ஆரஞ்சு அட்டையாக மாற நூறாண்டுக்குச் சற்று அதிகமாகப் பிடித்திருக்கிறது. முன்னேற்றந்தான்!

அந்த நாளைய மண்டபம் முகாமை நினைத்துப் பாருங்கள். இலங்கைச் சர்க்கார் இந்திய மண்ணில் நடத்திய முகாம் அது. காலராவும் அம்மையும் பிளேக்கும் கடல் தாண்டி வந்துவிடக் கூடாதே என்பதற்காக, தனுஷ்கோடிக்குப் போகும் வழியிலேயே ஆட்களை நிறுத்தி, நாட்கணக்கில் அடைத்து வைத்து, குளிப்பாட்டி, துணியைக் கொதிக்க வைத்து, ஊசி குத்தி, நோய் இல்லை என்று தெரிந்த பிறகே கப்பலேற்றினார்கள். மலேயாவுக்குப் போகிறவனுக்கு ஆவடியில் ஒரு டிப்போ, நாகப்பட்டினத்தில் ஒரு டிப்போ. ‘ரஜூலா’ கப்பலில் தளத்தில் படுத்துக்கொண்டு போனவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் பினாங்கில் இருக்கிறார்கள், சிங்கப்பூரில் இருக்கிறார்கள். சிங்கப்பூருக்கு வெளியே செயின்ட் ஜான்ஸ் தீவில் நோய்த்தடை முகாம் ஒன்று 1874 முதல் இருந்தது. இங்கே ஒரு சோதனை, அங்கே ஒரு சோதனை. ‘வாயைத் திற! நாக்கை நீட்டு! கையைக் காட்டு, காய்ப்பு இருக்கிறதா?’ சந்தையில் மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கிறவன்கூட, விலை பேசுகிறபோது மாட்டுக்காரனிடம் மரியாதையாகப் பேசுவான்.

இந்தச் சோதனைகள் வேண்டாம் என்று சொல்கிறோமா? இல்லை. மண்டபத்தில் காலராவைத் தடுத்தது தவறு என்று சொல்ல மாட்டோம். அதற்கு முன்பு மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து போன காலத்தில், வழியெல்லாம் காலராவில் விழுந்து செத்தவர்கள் எத்தனை பேர் என்பதை இலங்கைத் தோட்ட வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். இன்றைக்கும் அப்படியே. ஆப்பிரிக்காவிலே மஞ்சள் காய்ச்சல் இருக்கிற நாடுகளுக்கு நம்மவர் வேலைக்குப் போகிறார்கள். போவதற்குப் பத்து நாளைக்கு முன்னதாகத் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்; சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். முன்பு பத்து வருடத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும் என்றிருந்தது. 2016-ஆம் ஆண்டு ஜூலை முதல் ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் விதி மாறியது. (பத்து வருடம் ஆகிவிட்டது, திரும்பக் குத்த வேண்டும் என்று எந்தப் புரோக்கராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.) ஊசி போட்ட சான்று இல்லாமல் அந்த நாடுகளிலிருந்து திரும்பி வந்தால், ஆறு நாள் வரை இங்கே தனியே அடைத்து வைப்பார்கள். சரிதான்! அந்தக் காய்ச்சலைப் பரப்புகிற கொசு நம் நாட்டில் தெருவுக்குத் தெரு இருக்கிறது. காய்ச்சல் மட்டும் இல்லை. நோயோடு ஒருவர் வந்து, கொசு அவரைக் கடித்தால் போதும், ஊர் முழுவதும் பற்றிக்கொள்ளும். ஆகவே இந்த விதி நியாயம். சீமானுக்கும் அதே ஊசி, தொழிலாளிக்கும் அதே ஊசி, ஏமாற்ற இடமில்லை. இப்படிப்பட்ட விதிக்கு நாம் தலைவணங்குகிறோம்.

ஆனால் வளைகுடாவுக்குப் போகிறவனுக்கு நடக்கிற ‘மெடிக்கல்’ இருக்கிறதே, அது வேறு சங்கதி. வளைகுடா நாடுகள் அங்கீகரித்த மருத்துவ நிலையத்தில் அவன் தன் செலவில் சோதித்துக்கொள்ள வேண்டும். இரத்தம் எடுக்கிறார்கள், மஞ்சள் காமாலைக் கிருமி, எய்ட்ஸ் கிருமி பார்க்கிறார்கள், மார்பை எக்ஸ்ரே எடுக்கிறார்கள். நுரையீரலில் ஒரு தழும்பு தெரிந்தால், ‘அன்ஃபிட்’! தழும்பு என்றால் நோய் அல்ல. எப்போதோ காசநோய் வந்து, ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு, அடியோடு குணமாகி, மூட்டை தூக்குகிற வலுவோடு இருக்கிறவனுடைய மார்பிலும் அந்தத் தழும்பு இருக்கும். நோய் போய்விட்டது, நிழல் போகவில்லை. அந்த நிழலுக்காக அவனைத் தள்ளுகிறார்கள். இங்கே சர்க்கார் சுவரெல்லாம் எழுதுகிறது, ‘காசநோயைக் குணப்படுத்தலாம், மறைக்காதீர்’ என்று. குணப்படுத்திக்கொண்டவன் கேட்கிறான்: ‘குணமாகிவிட்டேன் ஐயா, வேலை கொடுங்கள்!’ ‘படத்தில் தழும்பு இருக்கிறது, போ!’ டில்லி சர்க்கார் இதைப் பற்றி அந்த நாடுகளோடு பேச வேண்டாமா? எண்ணெய்க்குப் பேசுகிறார்கள், ஏவுகணைக்குப் பேசுகிறார்கள். குணமான நுரையீரலுக்காகப் பேச நேரம் இல்லையா?

அதைவிடக் கொடுமை எங்கே இருக்கிறது என்றால், பணத்தின் வரிசையில். முதலில் நிலத்தை அடகு வைத்தோ நகையை விற்றோ புரோக்கரிடம் பணம், பிறகு மெடிக்கல், அதன் பிறகுதான் ‘அன்ஃபிட்’ என்ற சொல். கொடுத்த பணம் வருமா? பாதி வந்தால் பெரிது. ஆகவே, போக நினைக்கிறவர் எவரும் உள்ளூர் ஆஸ்பத்திரியிலேயே மார்பு எக்ஸ்ரேயும் இரத்தமும் பார்த்துக்கொண்டு, பிறகு ஏஜெண்டின் படியேறுவது நல்லது. பல்லாயிரம் ரூபாயைக் காப்பாற்றக்கூடிய யோசனை இது. இதைச் சொல்ல ஒரு துண்டுப் பிரசுரம் அச்சிட எவ்வளவு செலவாகும்?

அவன் தேறிவிட்டான் என்றே வைத்துக்கொள்வோம். இரத்தம் சுத்தம், மார்பு சுத்தம், ‘ஃபிட்’ என்று முத்திரை. விமானம் ஏறினான், இறங்கினான், அங்கே மறுபடி ஒரு சோதனை, அதிலும் தேறினான். இரண்டு முறை அவனைச் சோதித்தார்களே, அவன் படுக்கப் போகிற அறையை யாராவது ஒரு முறை சோதித்தார்களா? 

2024-ஆம் ஆண்டு ஜூன் 12. குவைத்து நாட்டில் மங்காப் என்ற இடம். தொழிலாளர் தங்கிய பல மாடிக் கட்டடம். பொழுது புலரும் நேரம், உழைத்தவர்கள் உறங்கிக்கொண்டிருந்தார்கள். தரைத் தளத்தில் பிடித்த தீ; மாடிப்படி வழியே மேலேறிய புகை. மாண்டவர்களில் நாற்பதுக்கும் அதிகமானவர் இந்தியர். கேரளத்தார் பலர், தமிழரும் அவர்களில் உண்டு. விமானப்படை விமானத்தில் உடல்கள் கொச்சிக்கு வந்து இறங்கின. அத்தனை பேரும் ‘மெடிக்கல்’ தேறியவர்கள்! அத்தனை பேருடைய நுரையீரலும் எக்ஸ்ரேயில் பழுதில்லாமல் இருந்த நுரையீரல்! பழுதில்லாத நுரையீரலைத் தேடித் தேடிப் பொறுக்கி எடுத்துப் போய், புகையால் நிரப்பினார்கள். கட்டடத்துக்கு ‘ஃபிட்’ போட்டது யார்?

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்திரை வெயில் நமக்குப் பழக்கம் என்று சிரித்துக்கொண்டே போகிறார்கள் நம் வாலிபர்கள். அந்த வெயில் வேறு. கடலோரக் காற்றில் ஈரம் நிறைந்திருக்கும். வியர்வை வடியும், ஆனால் உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் குடித்தால் கழிப்பிடம் போக வேண்டுமே, மேஸ்திரி ஏசுவானே என்று குடிக்காமல் இருப்பவன், மூன்று வருடம் கழித்துச் சிறுநீரகம் கெட்டுத் திரும்புகிறான். நேபாளத்து டாக்டர்கள் வளைகுடாவிலிருந்து திரும்பிய இளைஞர்களிடம் இதைக் கண்டு எழுதியிருக்கிறார்கள். வெயில் கொல்லும் என்பது அந்த நாட்டுச் சர்க்கார்களுக்கும் தெரியும், சட்டமும் செய்திருக்கிறார்கள். கத்தார் 2021-இல் விதியைத் திருத்தியது: ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை கூடாது. ஐக்கிய அரபு நாடுகளின் விதி, ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை. சவூதியில் அதே நாட்களில் 12 முதல் 3 வரை. நல்ல சட்டங்கள். ஆனால் தனக்கு இப்படி ஓர் உரிமை இருப்பது தொழிலாளிக்குத் தெரிந்தால்தானே, ‘மணி பன்னிரண்டரை, இறங்குகிறேன்’ என்று அவன் சாரத்திலிருந்து இறங்குவான்? பனி பார்க்கப் போகிறவருக்குக் கம்பளி பற்றிச் சொன்னவர்கள், இவனுக்கு இந்த மணிக் கணக்கைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டாமா?

வெயிலில் மயங்கி விழுந்து, அறைக்கு எடுத்துப் போய், இரவில் உயிர் போகிறது. சான்றிதழில் என்ன எழுதுகிறார்கள்? ‘இயற்கை மரணம்’. அல்லது, ‘இதயம் நின்றது’. இதயம் நிற்காமல் எவராவது இறந்ததுண்டா? ஏன் நின்றது என்று எழுத வேண்டிய இடத்தில், நின்றது என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடுகிறார்கள். இங்கே அதன் விளைவு என்ன தெரியுமா? அனுமதி முத்திரை பாஸ்போர்ட்டோடு போகிறவனுக்குக் கட்டாய இன்ஷ்யூரன்ஸ் ஒன்று உண்டு. ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ என்று தமிழன் வாயில் நுழையாத பெயர் வைத்திருக்கிறார்கள். 2017-இல் திருத்திய திட்டப்படி, இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் கட்டினால், 10 இலட்சம் ரூபாய். குறைந்த கட்டணம்; குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 10 இலட்சம் விபத்தில் மாண்டால் அல்லது நிரந்தரமாக முடமானால்தான். ‘இயற்கை மரணம்’ விபத்தல்லவே! சாரத்திலிருந்து விழுந்து செத்தவன் குடும்பத்துக்குப் பணம். சாரத்தின் மேலேயே வெயிலில் வெந்து செத்தவன் குடும்பத்துக்குச் சவப்பெட்டி. பாலைவன வெயில் இயற்கைதான், மறுக்கவில்லை. அந்த வெயிலில் நடுப்பகலில் அவனை நிறுத்தியது இயற்கையா?

முத்திரை பாஸ்போர்ட்டோடு முறைப்படி போகிறவன் கதை இது. முறைப்படி போகாதவன் கதை இன்னும் மோசம். குடிபெயர்வு அனுமதி வேலைக்குப் போகிறவனுக்குத்தான். சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு வேண்டியதில்லை. புரோக்கர் இதை நன்றாக அறிவான். ‘விசிட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்’ என்கிறான். இன்ஷ்யூரன்ஸ் இல்லை, ஒப்பந்தம் இல்லை, தூதரகத்தில் பெயர் இல்லை. மாதம் இரண்டு கழிந்ததும் அவன் அந்த நாட்டில் சட்ட விரோதி. அடித்தாலும் போலீசிடம் போக முடியாது. போனால் முதலில் இவனைத்தான் பிடிப்பார்கள். முப்பது வயது நிரம்பாத பெண், அனுமதி முத்திரை பாஸ்போர்ட்டோடு இந்த நாடுகளுக்கு வேலைக்குப் போகக் கூடாது என்று ஒரு தடை போட்டார்கள், பாதுகாப்புக்காக. தடை வறுமையை நிறுத்துமா? விசிட் விசாவில் போனாள். பாதுகாப்பு முழுவதையும் கரையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போனாள்.

படித்தவன் தப்பினானா? அதையும் பார்த்தோம். தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்து இந்தியருக்கு விசா இல்லாமலே நுழைய இடம் கொடுத்தது. அதற்கு முன்பே தொடங்கிவிட்டது அந்த வலை. கம்ப்யூட்டர் வேலை, கைநிறையச் சம்பளம், பாங்காக்கில் ஆபீஸ் என்று அழைத்துப்போய், இரவோடு இரவாக ஆற்றைக் கடந்து பர்மாவுக்குள் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்தார்கள். வேலை என்ன? போனில், கம்ப்யூட்டரில் உலகத்தாரை ஏமாற்றிப் பணம் பறிப்பது. மறுத்தால் மின்சார அதிர்ச்சி, அடி, பட்டினி. 2022-இல் தமிழக இளைஞர்கள் மீட்கப்பட்டு வந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியரை விமானப்படை விமானங்கள் தாய்லாந்திலிருந்து ஏற்றி வந்தன. இவர்களில் பட்டதாரிகள் உண்டு, என்ஜினீயர்கள் உண்டு. முத்திரை இல்லாத ‘சுத்த’ பாஸ்போர்ட்டுக்காரர்கள்! பத்தாவது தேறியவன் ஏமாற மாட்டான் என்பது டில்லியின் கணக்கு. ஏமாற்றுகிறவன் சான்றிதழைப் பார்த்து வலை வீசுவதில்லை; வேலையில்லாத வீட்டைப் பார்த்து வீசுகிறான்.

‘அப்படியானால் யாரையும் போகவிடாதே என்கிறீர்களா?’ என்று கேட்பார்கள் சில கனவான்கள். நாம் சொல்வோமா? வெளிநாடு போவது மனிதனின் சொந்த உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1967-ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே, சத்வந்த் சிங் சாஹ்னி வழக்கில் சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் பாஸ்போர்ட்டுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. திரைகடல் ஓடியவர்களின் பேரன்மார் நாம். கதவை மூடு என்று நாம் கேட்க மாட்டோம். கதவின் எந்தப் பக்கத்தில் காவல்காரன் நிற்க வேண்டும் என்பதுதான் நமது கேள்வி. இன்றைக்கு அவன் தொழிலாளியின் பக்கம் நின்று, ‘உன் படிப்பு என்ன? உன் வயது என்ன? உன் மார்பில் தழும்பு உண்டா?’ என்று கேட்கிறான். திரும்பி நிற்கட்டும். முதலாளியைப் பார்த்துக் கேட்கட்டும்: ‘எத்தனை பேர் ஓர் அறையில்? தீப்பிடித்தால் வெளியேற எத்தனை வழி? பாஸ்போர்ட்டை யார் வைத்திருப்பது? போன வருடம் உன் கம்பெனியில் எத்தனை பேர் இயற்கை மரணம் அடைந்தார்கள்? என்ன வயதில்?’ விடை சொல்லாத கம்பெனிக்கு ஆள் இல்லை என்று சொல்லட்டும். ஆள் அனுப்புகிற நாட்டுக்கு அந்தப் பலம் உண்டு. ஆள் இல்லாவிட்டால் அந்தக் கோபுரங்கள் எழும்பாது!

புதிய சட்டம் செய்யப் போகிறோம் என்று 2025-ஆம் ஆண்டு அக்டோபரில் டில்லி ஒரு மசோதாவின் நகலை வெளியிட்டு, பொது மக்கள் கருத்துச் சொல்லலாம் என்று சில வாரக் கெடு வைத்தது. எந்தப் பொது மக்கள்? சாரத்தின் மேல் நிற்கிறவன் இணையத்தைத் திறந்து இங்கிலீஷில் மசோதா படித்துக் கருத்து எழுதவா? அவன் சார்பில் அவனுடைய ஊர் எழுத வேண்டும். சட்டமன்ற உறுப்பினரும் பாராளுமன்ற உறுப்பினரும் எழுத வேண்டும், பேச வேண்டும். இன்ஷ்யூரன்ஸ் எந்தக் காரணத்தால் மாண்டாலும் கிடைக்க வேண்டும் என்று கேளுங்கள். வேலை ஒப்பந்தம் அரபியிலும் இங்கிலீஷிலும் மட்டுமல்ல, தமிழிலும், பணம் கைமாறுவதற்கு முன்னால் கையில் வர வேண்டும் என்று கேளுங்கள். புறப்படுமுன் ஒரு நாள் பயிற்சி என்று நகரத்தில் நடத்துகிறார்கள். அந்த நாளில் எல்லாப் பணமும் கொடுத்தாகிவிட்டது, எல்லா நகையும் அடகு போய்விட்டது. அப்போது எச்சரித்து என்ன பயன்? எச்சரிக்கை புரோக்கர் வருகிற ஊருக்குப் போக வேண்டும்; ரேஷன் கடைச் சுவரில், பஞ்சாயத்துப் பலகையில், பெண்கள் கூடுகிற குழுக்களில், பெரிய எழுத்துத் தமிழில்.

சர்க்கார் எழுதுகிற வரையில் நாம் எழுதலாமே. நமது கிளைகள் இல்லாத ஊரா? படிப்பகம் இல்லாத தெருவா? ஒரு கரும்பலகையும் ஒரு சாக்குக் கட்டியும் போதும். ஏஜெண்டுக்குக் கொடுக்கலாம் என்று விதி அனுமதித்திருக்கிற கட்டணம் 30,000 ரூபாய், அதன் மேல் வரி. இலட்சக் கணக்கில் கேட்கிறவன் திருடன் என்று முதல் வரியில் எழுதுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டுக்கு சர்க்கார் கொடுத்த பதிவு எண் உண்டு. வெளியுறவு இலாகாவின் ‘இ-மைகிரேட்’ பக்கத்தில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை செல்போனில் பார்த்துச் சொல்வான் என்று எழுதுங்கள். விசாவில் ‘விசிட்’ என்று இருந்தால் விமானம் ஏறாதே என்று எழுதுங்கள். பாஸ்போர்ட்டையும் விசாவையும் படம் எடுத்து வீட்டில் ஒன்று, செல்போனில் ஒன்று வைத்துக்கொள். முதலாளி பாஸ்போர்ட்டைக் கேட்டால் அது அந்த நாட்டுச் சட்டத்துக்கே விரோதம் என்று தெரிந்துகொள். நடுப்பகல் தடை எந்த நாட்டில் எத்தனை மணி என்று எழுதுங்கள். டாக்டர் சீட்டு இல்லாத மாத்திரையை எடுத்துப் போகாதே என்று எழுதுங்கள். இடம் மிச்சமிருந்தால், கசகசாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் ஊரிலிருந்து யார் புறப்படுகிறார்களோ, அவர்கள் வீட்டுக்கு ஒருவர் நேரிலேயே போய்ப் படித்துக் காட்டிவிட்டு வரலாம்.